ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்: பலம், பலவீனம், மாட்டிக்கொள்ளும் இடங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் எதைப் பற்றியது? ஆடாதவருக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ (ஜிடிஏ) வரிசையில், 1992-ல் நடக்கிற கதை. அம்மா கொல்லப்பட்ட செய்தி கேட்டு, கார்ல் ஜான்சன் (எல்லாருக்கும் சிஜே) ஐந்து வருடம் கழித்து லிபர்ட்டி சிட்டியிலிருந்து சொந்த ஊரான லாஸ் சாண்டோஸுக்கு வருகிறான். வீடு போய்ச் சேருவதற்குள் டென்பென்னி என்ற ஊழல் போலீஸ்காரர் வழிமறித்துக் காசைப் பிடுங்குகிறார். செய்யாத கொலையை அவன் தலையில் கட்டிவிடுவதாக மிரட்டி, எதிரிக் கும்பலின் தெருவில் இறக்கிவிட்டுப் போகிறார். அங்கே கிடக்கும் சைக்கிளை எடுத்து மிதித்துக்கொண்டு சிஜேவின் வீட்டுத் தெருவான க்ரோவ் ஸ்ட்ரீட் போவதுதான் நீங்கள் செய்யும் முதல் வேலை.

உருவாக்கியது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள ராக்ஸ்டார் நார்த். பிளேஸ்டேஷன் 2-க்கு 2004 அக்டோபரிலும், பிசிக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் 2005 ஜூனிலும் வந்தது. பிளேஸ்டேஷன் 2-ல் அதிகம் விற்ற கேம் இதுதான்.

இவ்வளவு வருடம் கழித்தும் ஆடத் தகுதியானதா?

ஆம். ஆனால் எதற்கு என்று தெரிந்துகொண்டு ஆடுங்கள். துப்பாக்கிச் சண்டை இன்றைய கேம்களுக்குப் பக்கத்தில் நிற்காது. குறிவைப்பது மொத்தையாக இருக்கும். மறைந்து சுடும் வசதி பெயரளவுக்குத்தான். இந்தக் கேமின் ருசி வேறு. செய்தவர்களுக்குப் பேராசை: மூன்று நகரம் (லாஸ் சாண்டோஸ், சான் ஃபியரோ, லாஸ் வெந்துராஸ்), பாலைவனம், மலை, காடு, ஜிம், முடிதிருத்தும் கடை, விமானப் பள்ளி, சூதாட்ட விடுதி, கும்பல் போர், டேட்டிங் என்று கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே போட்டார்கள். பாதி பிரமாதம். மீதியில் ஒரு பகுதி வேகாத சோறு. கீழே வரும் தொல்லைகளில் பலவும் அந்தப் பேராசைக்குப் பிறந்தவைதான்.

வரைபடத்தை ஏன் இப்படிப் புகழ்கிறார்கள்? இன்று இதைவிடப் பெரியவை இருக்கின்றனவே?

ஏறத்தாழ பக்கத்துக்கு 6 கிலோமீட்டர், அதாவது சுமார் 36 சதுர கிலோமீட்டர். இன்றைய கணக்கில் சின்னதுதான். ஆனால் ஆடும்போது சின்னதாகத் தெரியாது. அதற்கான தந்திரம் புகைமூட்டம். பிளேஸ்டேஷன் 2-ன் முதன்மை நினைவகம் வெறும் 32 எம்பி. தூரத்துக் கட்டடங்களை அதில் வைத்திருக்க இடமில்லை. ஆகவே தூரத்தை ஆரஞ்சு நிறப் புழுதியால் மூடினார்கள். லாஸ் சாண்டோஸுக்கு அசலான லாஸ் ஏஞ்சல்ஸின் மாசுக் காற்றுக்கும் அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. சாலைகளையும் நேராகப் போடாமல் மலையைச் சுற்றி, பள்ளத்தில் இறக்கி, பாலத்தில் ஏற்றி வளைத்திருக்கிறார்கள். லாஸ் சாண்டோஸிலிருந்து கிளம்பி சிலியட் மலை அடிவாரம் போய் சான் ஃபியரோ சேரும்போது ஊர்விட்டு ஊர் போன அலுப்பே வந்துவிடும். நடுவில் லோடிங் திரையும் கிடையாது.

அதே நினைவகப் பஞ்சத்தின் மறுபக்கம்: நீங்கள் அபூர்வமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தேடிப் பிடித்து ஏறினால், அடுத்த நிமிடமே தெருவெல்லாம் அதே கார் ஓடும். ஒரு நேரத்தில் சில வண்டி மாடல்களைத்தான் நினைவகத்தில் வைக்க முடியும். நீங்கள் ஓட்டும் மாடல் ஏற்கெனவே ஏறியிருப்பதால் போக்குவரத்துக்கும் அதையே எடுத்துக்கொள்கிறது. பிசியிலும் இந்தக் குணம் அப்படியே தொடர்கிறது.

சாப்பாடு, ஜிம், கொழுப்பு: இதெல்லாம் கட்டாயமா?

கொஞ்சம். கேமில் ஒரு நிமிடம் என்பது நிஜத்தில் ஒரு நொடி. 48 கேம் மணிநேரம், அதாவது சுமார் 48 நிஜ நிமிடம் சாப்பிடாமல் இருந்தால் சிஜேவுக்குப் பசி எடுக்கும். முதலில் கொழுப்பு கரையும், பிறகு தசை. இரண்டும் தீர்ந்தால் உயிர்ப்பட்டை இறங்கும். மிஷனுக்கு முன்னால் ஒரு சாலட்டோ பர்கரோ போதும். ஒரே மூச்சில் அடுக்கடுக்காகத் தின்றால் வாந்திதான்.

கொழுப்பு ஏறினால் ஓட்டமும் குதிப்பும் மந்தமாகும். ஜிம்மில் ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. பொத்தானை வேகமாகத் தட்டும் சலிப்பான வேலை அது. தசையைப் பாதி வரை ஏற்றிவிட்டு விட்டுவிடுங்கள், கதைக்கு அது போதும். சைக்கிள் ஓட்டியே உடல் திறனைப் பெருமளவு ஏற்றிக்கொள்ளலாம்.

கட்டாயமானது ஒன்றே ஒன்று, அதையும் கேம் சரியாகச் சொல்வதில்லை: மூச்சுத் திறன். சான் ஃபியரோவில் வூ ஸி மூ (கண் தெரியாதவர், ஆனாலும் கார் பந்தயம் ஓட்டுவார்) தரும் ‘ஆம்ஃபிபியஸ் அசால்ட்’ மிஷனில் கப்பலுக்கு நீந்திப் போக வேண்டும். மூச்சுத் திறன் குறைவாக இருந்தால் மிஷன் தொடங்கவே விடாது. கடலில் முங்கி, மூச்சுப்பட்டை தீரும் தறுவாயில் மேலே வந்து, திரும்பவும் முங்குங்கள். ஓரிரு கேம் நாளில் தேறிவிடும்.

செத்தால் ஆயுதமெல்லாம் போகிறதே, வழி உண்டா?

உண்டு. பழைய பதிப்பில் மிஷன் நடுவே செக்பாயின்ட் (தோற்றால் பாதியிலிருந்து தொடரும் இடம்) கிடையாது. செத்தால் ஆஸ்பத்திரி வாசல், கையில் ஒன்றும் இருக்காது, மிஷன் முதலிலிருந்து. இது உண்மையான குறை. 2004-க்கே கொஞ்சம் பழைய பாணிதான்.

தப்பிக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். சான் ஃபியரோவில் கேட்டி என்ற நர்ஸ், எல் கெப்ராடோஸில் பார்பரா என்ற போலீஸ் அதிகாரி. கேட்டியோடு பழகத் தொடங்கினால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆயுதத்தோடு வரலாம். பார்பராவோடு பழகினால் போலீஸ் பிடித்தாலும் ஆயுதம் போகாது. உறவு முறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண் பாத்திரங்களை இப்படி ‘வசதி’களாக மட்டுமே வைத்திருப்பது இந்தக் கேமின் பெரிய பலவீனங்களில் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிஜேவின் தங்கை கெண்டல் மட்டும் ஓரளவு மனுஷியாக எழுதப்பட்டிருக்கிறாள்.

ரயிலைத் துரத்தும் மிஷன் முடியவே மாட்டேன் என்கிறது!

‘ராங் சைட் ஆஃப் த ட்ராக்ஸ்’. சிஜேவின் கூட்டாளி பிக் ஸ்மோக் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, ரயில் கூரை மேல் நிற்கும் எதிரிக் கும்பலான வாகோஸின் நான்கு ஆட்களைச் சுட வேண்டும். தோற்றால் அவர் உங்களைத் திட்டும் அந்த ஒற்றை வசனம் இணையம் முழுக்க மீமாகிவிட்டது. எல்லாரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: ரயிலை உரசிக்கொண்டு ஓட்டுவது. உரசி ஓட்டினால் கூரை மேல் இருப்பவனுக்கு வைத்த குறி பெட்டியின் பக்கவாட்டில் பட்டு வீணாகும்.

ரயிலுக்கு வலப்பக்கம் போங்கள். ஒரு தண்டவாள அகலத்துக்கு மேல் இடைவெளி விடுங்கள். வாகோஸ் நிற்கும் பெட்டிக்கு நேராக, ரயிலின் வேகத்திலேயே ஓடுங்கள். முந்தவும் வேண்டாம், பின்தங்கவும் வேண்டாம். எதிரே இன்னொரு ரயில் வரும், பதறாமல் ஓரம் ஒதுங்குங்கள். மிச்சத்தை ஸ்மோக் பார்த்துக்கொள்வார். தொடக்கத்திலேயே பின்தங்கிவிட்டால் துரத்தி நேரத்தை வீணாக்காமல் மறுபடி ஆரம்பிப்பதே லாபம்.

ஸீரோவின் பொம்மை விமான மிஷன்?

‘சப்ளை லைன்ஸ்’. விட்டுவிடுங்கள். நிஜமாகவே சொல்கிறோம். 30,000 டாலர் கொடுத்து ஸீரோவின் ரிமோட் பொம்மைக் கடையை வாங்கினால்தான் இது உட்பட அவன் தரும் மூன்று மிஷன்களும் வரும். முதன்மைக் கதைக்கு அவை தேவையில்லை. நூறு சதவீதம் முடிக்க நினைப்பவர்களுக்கு மட்டுமே தலையெழுத்து.

அவர்களுக்காக: உங்கள் எதிரி எரிபொருள்தான். முடுக்கியை அழுத்திப் பிடிக்காதீர்கள். தட்டித் தட்டி மேலே ஏற்றி, மிதந்து இறங்குங்கள். பைக்காரர்களை ஓட்டத்தில் துரத்தாமல், அவர்கள் நிற்கும்போது சுடுங்கள். எல்லாரையும் முடித்த பிறகு ஸீரோவின் மொட்டைமாடிக்கு விமானம் திரும்பி வந்தாக வேண்டும். இதை மறந்து கடைசி நொடியில் தோற்பவர்கள் ஏராளம். எரிபொருளில் கால்வாசியைத் திரும்பி வருவதற்கென்று ஒதுக்குங்கள்.

விமானப் பள்ளியில் பலர் கேமையே மூடிவிடுகிறார்களாமே?

மூடுகிறார்கள். பாலைவனத்தில் உள்ள வெர்டன்ட் மெடோஸ் ஓடுதளத்தை 80,000 டாலருக்கு வாங்கினால்தான் கதை நகரும். கையில் காசில்லாமல் அங்கே போய் நிற்பவர்கள் பலர். சான் ஃபியரோவில் இருக்கும்போதே சேர்த்துவையுங்கள். லாஸ் சாண்டோஸ் டவுன்டவுனில் குதிரைப் பந்தயக் கடை ஒன்று உண்டு. முதலில் சேவ் செய்யுங்கள், அதிக விகிதம் தரும் குதிரையின் மீது கட்டுங்கள், தோற்றால் சேவைத் திரும்ப ஏற்றுங்கள். அழகான வழி இல்லை, ஆனால் சீக்கிரம் முடியும்.

பள்ளியில் பத்து பாடம்: ஏற்றம், இறக்கம், வட்டமடித்தல், ஹெலிகாப்டர், குட்டிக்கரணம், பாராசூட் வரை. எல்லாவற்றிலும் குறைந்தது வெண்கலம் வேண்டும். கவனிக்க வேண்டியவை:

தரையை விட்டு எழும்பியதும் சக்கரத்தை உள்ளே மடக்குங்கள். மடக்காத சக்கரம் காற்றில் இழுத்து வேகத்தைக் குறைக்கும். வட்டமடிக்கும் பாடத்தில் நேரம் போதாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூக்கை ஒரேயடியாகத் தூக்கினால் வேகம் செத்து விமானம் தொங்கும். சின்னத் திருத்தங்களுக்கு இறக்கையைச் சாய்க்காமல் வால் சுக்கானைப் பயன்படுத்துங்கள். பிசியில் வழக்கமாக ‘கியூ’, ‘இ’ விசைகள். ஓட்டும் திறன் குறைவாக இருக்கும்வரை விமானம் தானாகவே ஆடும். அது உங்கள் கைக்கோளாறு அல்ல, கேம் வேண்டுமென்றே செய்வது. பறக்கப் பறக்கக் குறையும். கீபோர்டில் இதையெல்லாம் செய்வது தண்டனை. நண்பரிடமாவது ஒரு கண்ட்ரோலர் இரவல் வாங்குங்கள்.

எல்லாப் பாடத்திலும் தங்கம் வாங்கினால் ஓடுதளத்தில் ஹன்டர் போர் ஹெலிகாப்டர் கிடைக்கும். சான் ஃபியரோவின் டிரைவிங் பள்ளியிலும் இதேபோல வெண்கலத்துக்கு சூப்பர் ஜிடி, வெள்ளிக்கு புல்லட், தங்கத்துக்கு ஹாட்நைஃப்.

பக்க வேலைகளில் எது உழைப்புக்கேற்ற பலன் தரும்?

ஆம்புலன்ஸ் முதலில். 12 நிலை முடித்தால் உயிர்ப்பட்டையின் உச்சம் நிரந்தரமாக உயரும். முதல் நிலையில் ஒரு நோயாளி, பன்னிரண்டில் பன்னிரண்டு. மொத்தம் 78 பேர், ஒரே மூச்சில். பெருநகரத்தில் செய்யாதீர்கள். சிலியட் மலையடியில் உள்ள ஏஞ்சல் பைன் சின்ன ஊர், நெரிசல் இல்லை, அங்கேயே ஆஸ்பத்திரியும் உண்டு. ‘த கிரீன் சேபர்’ மிஷன் முடிந்ததும் அந்தப் பக்கம் திறந்துவிடும்.

இரவு 8 முதல் காலை 6 வரை வீட்டுக் கொள்ளை. மொத்தம் 10,000 டாலர் சேர்ந்தால் சிஜே களைப்பே இல்லாமல் ஓடுவான். தீயணைப்பு 12 நிலைக்கு நெருப்பு சுடாது. போலீஸ் வண்டியில் 12 நிலைக்குக் கவசத்தின் உச்சம் கூடும். டாக்ஸி 50 சவாரிக்கு டாக்ஸிகளில் நைட்ரோ, வேடிக்கைக்கு மட்டும்.

கதை நன்றாக இருக்கிறதா?

முதல் மூன்றிலொரு பங்கு அருமை. தெரு, குடும்பம், சேர்ந்து கஞ்சி குடித்த நட்பு, உள்ளிருந்தே அரிக்கும் துரோகம். பின்னணியில் நிஜ வரலாறு ஓடுகிறது. ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸார் விடுதலையானதும் 1992 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றியெரிந்தது. கேமின் இறுதியில் டென்பென்னி விடுதலையாகிறார், லாஸ் சாண்டோஸ் எரிகிறது. அவருடைய ‘கிராஷ்’ பிரிவும் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் அதே பெயரில் இருந்த பிரிவை ஒட்டியதுதான். டென்பென்னிக்கு சாமுவேல் எல். ஜாக்சனின் குரல், அந்த மிரட்டலுக்கு ஈடு இல்லை.

பிறகு கதை ஊரைவிட்டுக் கிளம்புகிறது. அரசாங்க உளவாளி டொரீனோ, போர் விமானம், ராணுவ முகாமிலிருந்து ஜெட்பேக் திருட்டு, சூதாட்ட விடுதிக் கொள்ளை. தனித்தனியாக எல்லாம் ஜாலி. ஆனால் சைக்கிளில் தெருவை மிதித்த பையன்தான் இது என்று நம்ப முடியாது. கதையின் முக்கியத் துரோகிகளில் ஒருவனான ரைடரின் முடிவு ஒரு படகுத் துரத்தலில் சப்பென்று முடிகிறது; அதற்கு வேண்டிய கனத்தை யாரும் கொடுக்கவில்லை. லாஸ் சாண்டோஸுக்குத் திரும்பிய பிறகுதான் கதைக்கு மூச்சு வருகிறது.

கடைசி மிஷன் வரவே இல்லை. என்ன செய்ய?

கும்பல் பகுதிகளைப் பிடிக்க வேண்டும்; ஏறத்தாழ 35 சதவீதம் உங்கள் கையில் இருந்தால்தான் ‘எண்ட் ஆஃப் த லைன்’ திறக்கும். எதிரிப் பகுதியில் வண்டியைவிட்டு இறங்கி, அந்தக் கும்பலில் மூன்று பேரை வீழ்த்தினால் போர் தொடங்கும். மூன்று அலை. அலைகளுக்கிடையே உயிரும் கவசமும் தெருவில் தோன்றும், எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுக்குச் சுவர் உள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

எரிச்சல் எங்கே என்றால், ஊரின் மறுகோடியில் இருக்கும்போது ‘உன் பகுதி தாக்கப்படுகிறது’ என்று செய்தி வரும். போகாவிட்டால் பகுதி போய்விடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடிக்காமல் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு போங்கள். எதிரிக் கும்பல்களான பல்லாஸ், வாகோஸ் இரண்டையும் முழுதாகத் துடைத்துவிட்டால் தாக்குதலே வராது.

கடைசி மிஷன் நீளமானது. நடுவில் சேவ் இல்லை. கவசம் முழுதாக, துப்பாக்கிக் குண்டு தாராளமாக எடுத்துப் போங்கள்.

பிசியில் சிஜே மிக மெதுவாக நீந்துகிறான். மவுஸும் வேலை செய்யவில்லை.

நீச்சல்: ஃபிரேம் லிமிட்டரை (நொடிக்கு எத்தனை படம் என்று வரம்பு போடும் அமைப்பை) அணைத்திருப்பீர்கள். கேமின் அசைவுக் கணக்குகள் பல ஃபிரேம் எண்ணிக்கையோடு கட்டப்பட்டவை. ஃபிரேம் கூடினால் நீச்சல் போன்றவை கெடும். காட்சி அமைப்பில் லிமிட்டரைத் திரும்பப் போடுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் அளவில் ஓடும், கண்ணுக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் கேம் ஒழுங்காக நடக்கும்.

மவுஸ்: டாக்குமென்ட்ஸில் ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூஸர் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் ‘செட்’ என்று முடியும் அமைப்புக் கோப்பை மட்டும் அழித்துவிட்டுக் கேமைத் திறங்கள். அது புதிதாக உருவாகும். சேவ் கோப்புகளும் அதே ஃபோல்டரில்தான் இருக்கின்றன, கை தவறி அவற்றை அழிக்காதீர்கள்.

நிரந்தர வைத்தியம் ‘சைலன்ட்பேட்ச்’ என்ற ரசிகர் பேட்ச். கேமின் இயக்கக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே அதை வைக்க வேண்டும். கூடவே அதைக் கேமுக்குள் ஏற்றும் ஏஎஸ்ஐ லோடர் என்ற சிறு நிரலும் வேண்டும். லோடர் இல்லாமல் வைத்துவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பவர்களே அதிகம். வேறு மோடுகளும் (ரசிகர்கள் செய்த மாற்றங்களும்) போடுவதாக இருந்தால் 1.0 பதிப்பு தேவை. பெரும்பாலான மோடுகள் அதற்கே எழுதப்பட்டவை.

விண்டோஸ் 11-ல் ஸ்கிம்மர் என்ற கடல் விமானம் காணாமல் போய்விட்டதே?

எங்களுக்குப் பிடித்த பிழை இது. விண்டோஸ் 11-ன் 2024 இரண்டாம் பாதிப் பதிப்பு வந்ததும் ஸ்கிம்மர் மறைந்தது. பழி விண்டோஸ் மேல் விழுந்தது. உண்மையில் தப்பு இருபது வருடப் பழையது. முந்தைய ஜிடிஏவான வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. படகுக்குச் சக்கர அளவு தேவையில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக்கியவர்கள், வண்டிப் பட்டியலில் அதன் வரியில் சக்கர அளவைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். இல்லாத எண்ணைப் படிக்கப் போன கேம், நினைவகத்தில் முந்தைய வண்டி விட்டுச்சென்ற மிச்ச எண்ணை எடுத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டியிருக்கிறது. புதிய விண்டோஸ் அந்த இடத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தியதும் குப்பை எண் வந்தது, விமானம் தொலைந்தது. சைலன்ட்பேட்சின் புதிய பதிப்பு இதைச் சரிசெய்கிறது.

டெஃபினிட்டிவ் எடிஷனா, பழையதா?

2021 நவம்பர் 11-ல் ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றும் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற பெயரில் அன்ரியல் எஞ்சின் 4-ல் மறுபடி வந்தபோது நிலைமை படுமோசம். மழை பெய்தால் சாலை தெரியாது, முகங்கள் பொம்மை, பலகைகளில் எழுத்துப் பிழை. டஃப் நட் டோனட் கடையின் அறுகோண நட்டு வழவழவென்று வட்டமாகிப்போனது. கடைப் பெயரின் சிலேடையே காலி. எல்லாவற்றையும்விட, புகைமூட்டத்தை எடுத்துவிட்டார்கள். சிலியட் உச்சியில் நின்றால் நகரங்கள் அடுத்தடுத்த தெருவாகத் தெரிந்தன. பழைய ஆட்கள் மறைத்ததெல்லாம் எதற்கென்று அப்போதுதான் பலருக்கும் புரிந்தது. ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில் வந்த பேட்ச் பழைய ஒளியமைப்பையும் மூட்டத்தையும் திருப்பித் தந்தது.

இன்றைய நிலையில், கன்சோல் அல்லது மொபைலில் முதல்முறை ஆடுபவருக்குப் புதியதே வசதி: தோற்ற மிஷனை உடனே திரும்பத் தொடங்கலாம், ஆயுதம் தேர்ந்தெடுக்கும் சக்கரம் உண்டு, வரைபடத்தில் வழி காட்டும். பிசியில் கொஞ்சம் மெனக்கெடத் தயாரென்றால் பழையது, சைலன்ட்பேட்சோடு. பழையதற்கு 256 எம்பி ராமும் 3.6 ஜிபி இடமும் போதும் என்பதால் எந்த ஓட்டை லேப்டாப்பிலும் ஓடும். ‘ஹைலி கம்ப்ரஸ்டு’ என்று சுற்றும் திருட்டுப் பதிப்புகளைத் தொடாதீர்கள். அளவைக் குறைக்க ரேடியோவையும் வசனத்தையும் வெட்டியிருப்பார்கள், சில மிஷன்கள் நடுவில் நின்றுபோகும். இருவர் சேர்ந்து ஆடும் வசதி பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் பழைய பதிப்புகளில் மட்டும்.

ரேடியோவில் சில பாட்டுகளைக் காணோம்.

பாட்டு உரிமம் முடிந்துவிட்டதால் 2014-ல் ஸ்டீம் பதிப்பிலிருந்து பல பாடல்களை நீக்கினார்கள். ஆனால் பழைய பிசி பதிப்பில் நம் பாட்டையே ஓட்டலாம். மேலே சொன்ன யூஸர் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் ‘யூஸர் ட்ராக்ஸ்’ என்று ஒன்று இருக்கும். எம்பி3 கோப்புகளை அதில் போட்டு, ஆடியோ அமைப்பில் ஸ்கேன் கொடுங்கள். காரில் ஏறி நிலையத்தை மாற்றினால் வரும். லாஸ் வெந்துராஸ் நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் தமிழ் மெலடி போட்டுப் பாருங்கள்.

சீட் கோடு போட்டால் ஏதாவது கெடுமா?

ஹெசோயம் (உயிர், கவசம், 250,000 டாலர்) போன்ற ரகசியக் கோடுகள் பெரிய கேடு செய்யாது. ஆனால் தெருமக்களின் நடத்தையை மாற்றும் கோடுகளைப் போட்டுவிட்டுச் சேவ் செய்யாதீர்கள். கலவரக் கோடு சேவில் ஒட்டிக்கொள்ளும், அணைக்கவும் முடியாது. அப்புறம் ‘மேட் டாக்’ மிஷனில், குதிக்கத் துணிந்து கூரை மேல் நிற்கும் ராப் பாடகர் மேட் டாக்கைப் பிடிக்க நீங்கள் பெட்டி ஏற்றிய லாரியைக் கொண்டுவருவதற்குள் அவர் குதித்துவிடுவார், ஒவ்வொரு முறையும். கதை அங்கேயே நின்றுவிடும். ஒரே வழி, கோடு போடாத பழைய சேவ். ஆகவே கோடு விளையாட்டுக்கென்று தனி சேவ் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

வயது பதினெட்டுக்குக் கீழ் என்றால் வேண்டாம். கொலை, கெட்ட வார்த்தை, போதை, பாலியல் தொழில் எல்லாம் உண்டு. ‘ஹாட் காஃபி’ என்று கேள்விப்பட்டிருந்தால்: வெளியீட்டுக்கு முன் அணைத்து வைத்த ஒரு பாலுறவு மினிகேமின் நிரல் டிஸ்கிலேயே கிடந்தது. 2005 ஜூனில் ஒரு மோட் அதைத் திறந்துகாட்டியது. ஜூலையில் அமெரிக்க மதிப்பீட்டு அமைப்பு பெரியவர்களுக்கு மட்டும் என்று தரத்தை மாற்றியது, ஆஸ்திரேலியா அனுமதியை ரத்து செய்தது. பிறகு அந்தப் பகுதியை முடக்கிய பதிப்பு கடைக்கு வந்தது. அது இல்லாத பதிப்பும் சிறுவருக்கானது அல்ல.

நூறு சதவீதம் முடித்தால் என்ன கிடைக்கும்?

பத்து லட்சம் டாலர், தீராத குண்டுகள், க்ரோவ் ஸ்ட்ரீட்டில் ஒரு ரைனோ டாங்கியும் ஹைட்ரா போர் விமானமும். அதற்கு 100 சுவரெழுத்து, 50 புகைப்படம், 50 லாடம், 50 சிப்பி தேட வேண்டும். சுவரெழுத்து லாஸ் சாண்டோஸிலும், புகைப்படம் சான் ஃபியரோவிலும், லாடம் லாஸ் வெந்துராஸிலும் இருக்கின்றன. சிப்பி மாநிலம் முழுக்கத் தண்ணீருக்கடியில். எது எடுத்தாயிற்று என்று கேம் குறித்து வைக்காது. 99-ல் நின்று மிச்சம் ஒன்றைத் தேடி அலையாமல் இருக்க, வரைபடத்தை அச்சிட்டு எடுக்க எடுக்கப் பேனாவால் அடித்துவிடுங்கள்.